“இன்னைக்கு ராத்திரி என்ன டிபன்?” – இரவுச் சமையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு பேர் உள்ள வீடு, இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு கிரைண்டர் அல்லது மிக்ஸி, ஒரு ஃபிரிட்ஜ். இதை மனத்தில் வைத்துத்தான் இங்கே அளவுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. டம்ளர் என்றால் 200 மி.லி. ஸ்பூன் என்றால் 5 மி.லி. பிடிக்கும் தேக்கரண்டி, தலைதட்டி.

வீட்டுக்குச் சமைப்பது சுமையா, சந்தோஷமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வேலைதான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே அப்படித்தான் பார்த்தது. கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தபோது, அவர் பார்த்த வேலைகளில் சமையலையும் எண்ணிச் சொன்னது.

ஆனால் ‘சமையல்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதுதான் சிக்கல். அதற்குள் ஏழெட்டு வேலைகள் இருக்கின்றன: என்ன செய்வது என்று முடிவெடுப்பது, சாமான் இருக்கிறதா என்று பார்ப்பது, ஊறப்போடுவது, நறுக்குவது, அரைப்பது, அடுப்படியில் நிற்பது, பரிமாறுவது, பாத்திரம் தேய்ப்பது. கடுகு பொரிந்து கறிவேப்பிலை சடசடக்கும் நேரத்தை வெறுப்பவர்கள் அபூர்வம். மூடியைத் திறந்ததும் இட்லி பூப்போல இருந்தால் எத்தனை வருஷம் சமைத்தவருக்கும் ஒரு திருப்தி வரும். அலுப்பு தருபவை வேறு மூன்று: தினமும் ஒருவரே முடிவெடுப்பது, எல்லோரும் சாப்பிட்டபின் ஆறிப்போனதைத் தனியாகச் சாப்பிடுவது, கடைசியில் குவிந்து கிடக்கும் பாத்திரம். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் சமையல் பலருக்கும் பிடித்த வேலைதான். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றைப் பற்றியவை.

சாயந்தரம் ஐந்து மணி ஆனாலே “என்ன செய்றது” என்ற யோசனை தலையைத் தின்கிறது. எப்படி நிறுத்துவது?

ஃபிரிட்ஜ் கதவில் ஏழு நாளுக்கும் குழம்பு, பொரியல், சட்னி வரை எழுதி ஒட்டும் அட்டவணை இரண்டாவது வாரத்தைத் தாண்டாது. ஒரு நாள் கத்தரிக்காய் கிடைக்கவில்லை என்றால் அதோடு எல்லாம் போச்சு. வகையை மட்டும் முடிவு செய்யுங்கள். தொட்டுக்கொள்ள என்ன என்பதை அன்றைக்கு ஃபிரிட்ஜில் இருப்பது சொல்லட்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் வாரத்தை நடத்துவது மாவுதான். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளிப்பேறியதும் ஊத்தப்பம் அல்லது பணியாரம் என்ற பழைய வரிசைக்குள் வாரத்தில் மூன்று இரவுகள் அடங்கிவிடும். ஞாயிறு மதியம் ஊறப்போட்டு சாயந்தரம் அரைத்தால், திங்கள் காலை மாவு பொங்கியிருக்கும். அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால்:

திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் சப்பாத்தி, வியாழன் மீதி மாவில் ஊத்தப்பம் அல்லது பணியாரம், வெள்ளி சேமியாவோ உப்புமாவோ, சனி வெளியில் வாங்குவதோ யாருக்கு என்ன தோன்றுகிறதோ அது, ஞாயிறு ரசம் சோறும் அப்பளமும்.

சனிக்கிழமையைக் காலியாக விட்டிருப்பது வேண்டுமென்றேதான். விருந்தாளி வந்தது, கரண்ட் போனது, ஆபீசில் நேரமானது என்று ஒரு நாள் தவறினால் அது சனிக்கிழமைக்கு நகரும். முழு வாரமும் குலையாது.

மூன்று இரவுக்கு வரும்படி மாவு எவ்வளவு அரைக்க வேண்டும்?

இட்லி அரிசி 4 டம்ளர், தோல் நீக்கிய முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 ஸ்பூன். அரைத்து முடித்தால் ஏறக்குறைய இரண்டேகால் கிலோ மாவு வரும். ஒரு ஈடு இட்லி (16), 12 தோசை, 6 ஊத்தப்பம் என்று நான்கு பேருக்கு மூன்று இரவுகள் சரியாக இருக்கும்.

அரிசி 4 முதல் 5 மணி நேரம் ஊறட்டும். உளுந்தும் வெந்தயமும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். முதலில் உளுந்து. தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் கை கையாகத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஓடவிடுங்கள். மொத்தம் இரண்டு டம்ளருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். பதம் பார்க்க ஒரு வழி இருக்கிறது: கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளி மாவைப் போட்டால் மிதக்க வேண்டும். அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் ஐந்து நிமிடம். அடுத்து அரிசி, இரண்டு டம்ளர் தண்ணீருடன் 20 நிமிடம். விரலால் தேய்த்தால் சன்ன ரவைபோல நெருட வேண்டும். வெண்ணெயாக அரைத்துவிட்டால் இட்லி பிசுபிசுவென்று வரும்.

தூள் உப்பு 4 ஸ்பூன் போட்டுக் கையாலேயே கலக்குங்கள். இந்த இடத்தில் பலரும் விடும் ஒரு காரியம்: இட்லிக்கான மாவை அப்போதே தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். பொங்கிய மாவை மறுநாள் கரண்டியால் கிளறிப் பிரித்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி இட்லி கல்லாகும். தனியாகப் பொங்கியதைக் கிளறாமல், மேலிருந்து அள்ளி ஊற்ற வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மறுநாள் காலை மேடையைத் துடைக்கும் வேலை மிச்சம்.

மிக்ஸிதான் இருக்கிறது என்றால் மூன்றுக்கு ஒன்று என்று உளுந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மிக்ஸியில் உளுந்து அவ்வளவு பொங்காது. ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி அரைக்க வேண்டும். ஜார் சூடேறினால் மாவும் சூடேறிவிடும், பிறகு ஒழுங்காகப் பொங்காது.

மாவு பொங்கவில்லை. அல்லது ஒரேயடியாகப் புளித்துவிட்டது. என்ன செய்வது?

மாவைப் பொங்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள். 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். சென்னையில் மே மாதம் என்றால் ஆறு மணி நேரமே அதிகம்; படுக்கப் போகும்போது பாத்திரத்தைப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல், லண்டன், டொராண்டோ என்றால் கதை வேறு. அங்கே ஓவனை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவை உள்ளே வைத்துவிடுவது பலர் கண்ட வழி. ஓவனுக்குள் மாவு இருப்பதை மறந்து அதைச் சூடாக்கியவர்களும் உண்டு, கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுவது நல்லது.

பொங்காத மாவைக் கொட்ட வேண்டாம்; தோசைக்கு ஆகும். புளித்த மாவில் ஒரு பிடி ரவையும் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாயும் சேர்த்துப் பணியாரச் சட்டியில் ஊற்றுங்கள். மேலே நிறம் மாறினாலோ பூஞ்சை தெரிந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.

தோசை இரவு என்றால் நான் மட்டும் கடைசியில் சாப்பிடுகிறேன். வழி இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குக் கணக்கு போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு தோசைக்கு இரண்டரை நிமிடம். நான்கு பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் 12 தோசை, அரை மணி நேரம். அந்த அரை மணியும் “அம்மா, இன்னொன்னு முறுகலா” என்ற குரலுக்குப் பதிலாக ஓடுகிறது. சுட்டவர் உட்காரும்போது மேசை காலியாகியிருக்கும், சட்னி வழித்து எடுக்கும் நிலையில் இருக்கும். இரவுச் சமையல் கசப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறு இல்லை என்பதே எங்கள் கருத்து.

முதல் வழி, இரண்டு கல். இரண்டு பர்னரிலும் கல்லைப் போட்டால் 12 தோசை 16, 17 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு கல்லில் ஊற்றித் தேய்க்கும்போது மற்றதில் வெந்துகொண்டிருக்கும். சட்னி, சாம்பார் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஆள் மாறுவது. முதல் ஆறு தோசையைச் சுட்டவர் கரண்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். சாப்பிட்டு முடித்தவர் எழுந்து மீதி ஆறைச் சுட வேண்டும். சாப்பிட்ட கையோடு அடுப்படிக்குப் போக மனம் வராது என்பார்கள். சமைப்பவர் அதைத் தினமும் பசியோடு செய்கிறார்.

மூன்றாவது, முறுகல் தோசையை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டு மற்ற நாள் கல் தோசை. கனமாக ஊற்றி, மூடி போட்டு, திருப்பாமல் எடுத்து ஹாட்பேக்கில் துணி விரித்து அடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் மெத்தென்று இருக்கும், எல்லோரும் சேர்ந்து உட்காரலாம். முறுகல் தோசையை இப்படி அடுக்கினால் ஈரத்துணி ஆகிவிடும்.

இட்லியில் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு ஈடு வெந்தால் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் தட்டு நிறையும்.

தோசை கல்லில் ஒட்டுகிறது.

பெரும்பாலும் முந்தைய நாள் அதே கல்லில் சப்பாத்தி சுட்டிருப்பீர்கள். சப்பாத்திக்குக் கல் காய்ந்து கிடக்கும். தோசைக்காகப் பழகியிருந்த எண்ணெய்ப் படலம் அந்தச் சூட்டில் எரிந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனிக் கல் வைத்துக்கொள்வதுதான் தீர்வு. கல் அளவுக்கு மீறிச் சூடானாலும் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தண்ணீர் தெளித்துச் சூட்டை இறக்கி, எண்ணெய் தொட்ட அரை வெங்காயத்தால் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். மாவை ஃபிரிட்ஜிலிருந்து அரை மணி முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிறேன். இட்லி, சாம்பார், சட்னி மூன்றும் எட்டு மணிக்குள் நடக்குமா?

நாற்பது நிமிடம் போதும், வரிசை சரியாக இருந்தால். நேரம் வீணாவது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில்தான். வந்ததும் தேங்காய் துருவ உட்காருவது, வெங்காயம் உரிக்க உட்காருவது. அடுப்பு அதுவரை சும்மா இருக்கும். முதலில் நெருப்பில் ஏற வேண்டியதை ஏற்றிவிட்டுத்தான் கத்தியைத் தொட வேண்டும்.

7.10: மாவு வெளியே. பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் இரண்டரை டம்ளர், ஒரு சிட்டிகை மஞ்சள், குக்கரில் மூன்று விசில். சின்ன வெங்காயம் 15 எடுத்துத் தண்ணீரில் போடுங்கள்; ஊறினால் தோல் சுலபமாகக் கழன்று வரும்.

7.15: தக்காளி 2, ஒரு கேரட், பச்சை மிளகாய் 2 நறுக்குங்கள். வெங்காயத்தை உரியுங்கள். நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் போடுங்கள்.

7.22: குக்கரை இறக்கி வையுங்கள். விசில் வரும் நேரத்தை எல்லோரும் கணக்கில் வைப்பார்கள். ஆவி அடங்கும் பத்து நிமிடத்தை யாரும் வைப்பதில்லை. “அவசரமா இருக்கும்போதுதான் திறக்க மாட்டேங்குது” என்ற புலம்பல் இங்கேதான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு பர்னரில் இட்லிப் பானைத் தண்ணீர், இன்னொன்றில் வாணலி. எண்ணெய் 2 ஸ்பூன், கடுகு, வெந்தயம் கால் ஸ்பூன், வற்றல் மிளகாய் 1, பெருங்காயம், கறிவேப்பிலை. பிறகு வெங்காயம், மிளகாய், தக்காளி, கேரட். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடுங்கள்.

7.28: தண்ணீர் கொதித்து ஆவி வந்தபின் இட்லித் தட்டுகளை உள்ளே வையுங்கள். மாவு இன்னும் ஜில்லென்று இருந்தால் 12 நிமிடம், இல்லாவிட்டால் 10.

7.33: கேரட் வெந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் புளித்தண்ணீர். முன்பே ஊற்றினால் புளிப்பில் காய் விறைத்துக்கொண்டு வேகவே வேகாது. சாம்பார்பொடி 2 ஸ்பூன், உப்பு ஒன்றரை ஸ்பூன். பச்சை வாசனை போக ஆறேழு நிமிடம் கொதிக்கட்டும்.

7.35: தேங்காய் அரை மூடி, பொட்டுக்கடலை 2 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் 3, சிறு துண்டு இஞ்சி, உப்பு. மிக்ஸியில் ஒரு சுற்று, பிறகு தண்ணீர் விட்டு இன்னொரு சுற்று. துருவல் ஃப்ரீசரில் இருந்தால் இது மூன்று நிமிட வேலை.

7.40: இட்லிப் பானையை அணைத்துத் தட்டுகளை வெளியே எடுங்கள். பருப்பைக் கடைந்து சாம்பாரில் விட்டு ஒரு கொதி, கொத்தமல்லி. இட்லி மூன்று நிமிடம் ஆறட்டும். சுடச்சுட எடுத்தால் பாதி துணியோடு போகும். தட்டில் நேராக ஊற்றியிருந்தால் ஸ்பூனைத் தண்ணீரில் நனைத்து எடுங்கள்.

7.50: சாப்பாடு.

சப்பாத்தி சுடும்போது மெத்தென்று இருக்கிறது, சாப்பிட உட்காருவதற்குள் வறட்டி ஆகிவிடுகிறது.

மூன்று காரணங்கள். மாவு இறுக்கமாகப் பிசைந்திருப்பது, ஊறவிடாதது, குறைந்த தீயில் நெடுநேரம் காயவிடுவது.

அரை கிலோ கோதுமை மாவுக்குத் தண்ணீர் 300 முதல் 325 மி.லி., உப்பு ஒன்றரை ஸ்பூன், எண்ணெய் 2 ஸ்பூன். பிசைந்த மாவில் விரலை வைத்தால் குழி விழ வேண்டும், ஒட்டக்கூடாது. அரை மணி மூடி வையுங்கள். அந்த நேரத்தில்தான் மாவு தண்ணீரை முழுக்க இழுத்து இழுவைக்கு வரும். 18 முதல் 20 சப்பாத்தி தேறும். கல் நன்றாகக் காய்ந்தபின் போட்டு, மேலே சின்னக் கொப்புளம் கண்டதும் திருப்பி, அடுத்த பக்கம் புள்ளி விழுந்ததும் மறுபடி திருப்பித் துணியால் அழுத்தினால் உப்பும். ஒரு சப்பாத்திக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் தீ குறைவு என்று அர்த்தம். திரட்டும்போது உலர்ந்த மாவை அள்ளித் தூவுவதும் வறட்டியாக்கும், தட்டிவிட்டுப் போடுங்கள்.

சப்பாத்தி இரண்டு ஆள் வேலை. ஒருவர் திரட்ட, ஒருவர் சுட, 25 நிமிடத்தில் முடியும். தனியாகச் செய்தால் ஒரு மணி நேரம், முதுகுவலி வேறு. திரட்ட ஆள் இல்லாத நாளில் சப்பாத்தி வைக்காதீர்கள்.

உப்புமா என்றாலே வீட்டில் முகம் சுளிக்கிறார்கள்.

தண்ணீர் குறைவு. 1 டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், தண்ணீரில் உப்பு ஒரு பொட்டுக் கூடுதலாகத் தெரிய வேண்டும். ரவையை வாசனை வர வறுத்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு கையால் தூவி மறுகையால் கிளறினால் கட்டி விழாது. மூடி மூன்று நிமிடம், கடைசியில் நெய் ஒரு ஸ்பூன். அதற்குப் பிறகும் சுளித்தால் முகத்தின் கோளாறு.

ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குக் காரம் ஆகாது, சின்னவன் வெங்காயத்தைப் பொறுக்கி எடுக்கிறான். மூன்று சமையலா?

ஒரே சமையல், பிரித்தெடுக்கும் இடம்தான் வேறு வேறு. குருமாவோ சாம்பாரோ, மிளகாய்த்தூள் போடும் முன் ஒரு கிண்ணம் தனியே எடுத்துவிட்டால் குழந்தைக்கும் வயிறு சரியில்லாத தாத்தாவுக்கும் ஆச்சு. காரத்தைக் குழம்பில் ஏற்றாமல் இட்லிப்பொடியிலும் மோர்மிளகாயிலும் வைத்தால் வேண்டியவர் போட்டுக்கொள்வார். சர்க்கரை உள்ளவருக்கு வேறு பலகாரம் தேடுவதைவிட, அதே தட்டில் இரண்டு இட்லியோடு காயும் பருப்பும் நிறைந்த சாம்பாரைக் கூட்டுவது நடைமுறைக்கு ஒத்து வரும். அளவை அவர் மருத்துவர் சொல்வார். வெங்காயத்தை வதக்கி அரைத்துவிட்டால் பொறுக்க முடியாது. இதைச் சின்னவனிடம் சொல்ல வேண்டியதில்லை.

முன்கூட்டியே செய்து வைக்கலாம் என்கிறார்கள். எதை, எத்தனை நாள்?

தேங்காய்த் துருவலை ஒரு வேளைக்கு ஆகும் சிறு பொட்டலங்களாக ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரும். புளியைக் கெட்டியாகக் கரைத்து உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியபின் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் கவலையில்லை. உரித்த பூண்டை ஈரமில்லாத டப்பாவில் ஒரு வாரம் வைக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பயன் தருவது தக்காளித் தொக்கு. தக்காளி 1 கிலோ, வெங்காயம் கால் கிலோ, நல்லெண்ணெய் 100 மி.லி., மிளகாய்த்தூள் 3 ஸ்பூன், உப்பு 3 ஸ்பூன், மஞ்சள், பெருங்காயம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும் வரை சுண்ட வேண்டும், 35 முதல் 40 நிமிடம் ஆகும். பத்து நிமிடம் முன்னதாக இறக்கினால் மூன்றாம் நாள் கெட்டுவிடும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் காரணம். ஈரக் கரண்டி போட்டாலும் அதே கதி. சரியாகச் செய்தால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம், இட்லி, தோசை, சப்பாத்தி மூன்றுக்கும் ஆகும். பசியோடு வந்த இரவில் சோற்றில் பிசைந்தும் சாப்பிடலாம்.

தேங்காய்ச் சட்னியை முன்கூட்டி அரைக்காதீர்கள். வெளியில் வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள்ளேயே ஊசத் தொடங்கும்.

கடையில் பாக்கெட் மாவு வாங்குவது தப்பா?

இல்லை. வாங்கும்போது தேதியைப் பாருங்கள், பாக்கெட் பலூன்போல உப்பியிருந்தால் புளித்துவிட்டது என்று அர்த்தம். உப்பு ஏற்கெனவே இருக்கலாம். ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

“நான்தான் கூடமாட உதவி பண்றேனே” என்கிறார் கணவர். ஆனாலும் பாரம் குறையவில்லை. ஏன்?

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 100-க்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். அப்படிச் செய்தவர்கள் செலவிட்ட நேரம் பெண்களுக்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். இது நிமிடக் கணக்கு மட்டும். “என்ன செய்யட்டும் சொல்லு” என்று வந்து நிற்பவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஒரு ஆள் வேண்டுமே, அது இந்தக் கணக்கில் வராது.

ஆகவே வெங்காயம் நறுக்கித் தருவதைவிட ஒரு இரவை முழுதாக எடுத்துக்கொள்வது மேல். புதன்கிழமை அவருடையது என்றால் என்ன செய்வது என்ற யோசனை, கடையில் சாமான், சமையல், மேடை துடைப்பது வரை அவருடையது. முதல் இரண்டு மாதம் நடக்கும் கோளாறுகள் தெரிந்தவையே. “சீரகம் எங்க இருக்கு?” என்று ஐந்து தடவை குரல் வரும், டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்று பேருக்குச் சமைக்க ஒன்பது பாத்திரம் எடுப்பார். அவரே தேய்க்கும்போது அது தானாகக் குறையும். சமைக்கும்போது பக்கத்தில் நின்று “தீயைக் குறைங்க, இன்னும் வதக்குங்க” என்று சொன்னால் மூன்றாவது வாரம் கரண்டி உங்கள் கைக்கே திரும்பிவிடும். அன்று அடுப்படிப் பக்கம் போகாமல் இருப்பது உங்கள் பங்கு, அது சுலபமில்லை.

சமைத்தே பழகாதவருக்கு முதல் நாள் தக்காளிச் சோறு போதும். சீரகச் சம்பா வேண்டாம், சாதாரணப் பச்சரிசியே இருக்கட்டும். ஒன்றரை டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர், இரண்டு விசில். தோசையில் ஆரம்பித்தால் மனம் விட்டுப்போகும்.

குழந்தைகளை எந்த வயதில் எதற்குக் கூப்பிடலாம்?

ஐந்து, ஆறு வயதில் கறிவேப்பிலை உருவுவது, பட்டாணி உரிப்பது, முருங்கைக்கீரை ஆய்வது. எட்டு வயதில் பூண்டு உரிப்பது, சப்பாத்திக்கு உருண்டை பிடிப்பது, தட்டு வைப்பது. பத்துக்கு மேல் பெரியவர் பக்கத்தில் இருக்கக் கத்தி. பன்னிரண்டு, பதின்மூன்றில் கல்லில் தோசை ஊற்றலாம். குக்கரும் கொதிக்கும் எண்ணெயும் அப்புறம். பையனையும் கூப்பிடுங்கள்.

ஒரே அடுப்படியில் அத்தையும் நானும். தினமும் உரசல்.

பாதி உரசல் உப்பில்தான். “உப்புப் போட்டாச்சா?” என்று கேட்காமல் இருவரும் போட்டுவிடுவது, அல்லது மற்றவர் போட்டிருப்பார் என்று இருவரும் விட்டுவிடுவது. ஒரு பண்டத்துக்கு உப்பு, புளி, காரம் மூன்றும் ஒரே கையாக இருக்க வேண்டும். சாம்பார் அத்தையுடையது என்றால் நறுக்கிக் கொடுப்பதோடு நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். சட்னி உங்களுடையது என்றால் அவரும் அப்படியே. இதை ஒரு தடவை, சண்டை இல்லாத நேரத்தில் பேசி வைத்துக்கொள்ளலாம்: “அத்தை, சாம்பார்ப் பதம் உங்க கைக்குத்தான் வருது, நான் சட்னியப் பாத்துக்கறேன்.”

மதியம் வடித்த சோறு மிச்சம். ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாமா?

ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் தாராளமாக. நம் ஊர் வெயிலில் எட்டு மணி நேரம் மேடையிலேயே இருந்த சோறு வேண்டாம். அரிசியில் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் வெந்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம். மணம் மாறவில்லை என்பதை நம்பாதீர்கள். ஃபிரிட்ஜில் இருந்த சோறு உதிரி உதிரியாக இருப்பதால் எலுமிச்சைச் சோற்றுக்கு அருமையாக இருக்கும்.

பாத்திரம்?

சமைத்தவர் தேய்க்கக்கூடாது என்பதை வீட்டு விதியாக வையுங்கள். அதோடு, சாப்பிட உட்காரும் முன் மூன்றை மட்டும் தண்ணீரில் மூழ்க வையுங்கள்: மாவுப் பாத்திரம், இட்லித் தட்டு, பருப்பு வெந்த குக்கர். அரை மணி காய்ந்த மாவைச் சுரண்டுவதற்கு ஆகும் நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் தேய்த்துவிடலாம். தோசைக்கல்லுக்குச் சோப்பு வேண்டாம். சூடு ஆறியபின் துணியால் துடைத்தால் போதும்.

சாம்பாரில் உப்பு கூடிவிட்டது, எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துக்கொள்ளுமா?

உப்பை மட்டும் பொறுக்கி இழுக்காது. உப்புத் தண்ணீரைத்தான் கொஞ்சம் குடிக்கும். மீதிச் சாம்பார் அப்படியே கரிக்கும். வெந்த பருப்பு மிச்சம் இருந்தால் ஒரு கரண்டியும் அரை டம்ளர் வெந்நீரும் விட்டு ஒரு கொதி விடுங்கள். பருப்பு இல்லையென்றால் ஒரு ஸ்பூன் அரிசிமாவைக் கரைத்து வெந்நீரோடு ஊற்றலாம். இரண்டுக்கும் நேரமில்லை என்றால் சட்னியில் உப்பே போடாமல் அரைத்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.